நரிக்குப் பதினோரு மில்லிமீட்டர்

வனவர் லோகேஸ்வரன் கொண்டுவந்த துப்பாக்கி நல்ல துப்பாக்கிதான். ஏஞ்சல் அதை மறுக்கவேயில்லை. தோட்டாவுக்குப் பதில் மயக்க ஊசியைச் செலுத்தும் காற்றழுத்தத் துப்பாக்கி அது. நாற்பது மீட்டர் தள்ளி நிற்கும் காட்டெருமையைப் படுக்க வைத்துவிடும். மலை மாவட்டத்திலிருந்து இரவலாக வந்திருந்தது. வெள்ளிக்கிழமை திருப்பி அனுப்பியாக வேண்டும். அன்றைக்குச் செவ்வாய்.

ஓரிக்கையைத் தாண்டிப் பாலாற்றை ஒட்டிய நிலம். வரப்பில் மூன்று பேர் நின்றிருந்தார்கள்: லோகேஸ்வரன், ஏஞ்சல், நிலத்துக்காரர் நேமிநாதன்.

"இன்னாமா, துப்பாக்கிய மொறச்சிக்கினே நிக்கிற? புடி. தூரத்துல இருந்தே முடிச்சிட்டு வூட்டுக்குப் போலாம்."

"குழாய் எத்தினி மில்லி சார்?"

"பதிமூணு."

"நரிக்குப் பதிமூணு பெருசு சார்."

"காட்டெருமையே தாங்குது!"

"காட்டெருமை தாங்கும் சார். அதான் சொல்றேன்."

ஏஞ்சல் நேமிநாதனிடம் பழுத்த பப்பாளி இரண்டு கேட்டு வாங்கினார். ஒன்றைத் துணியில் கட்டி முருங்கைக் கிளையில் தொங்கவிட்டார். ஊசியில் மருந்துக்குப் பதில் தண்ணீர் ஏற்றி, துப்பாக்கியின் அழுத்தத்தை இருப்பதிலேயே குறைவாக வைத்து, பதினைந்து மீட்டரிலிருந்து சுட்டார். ஊசி பப்பாளிக்குள் வால்வரை புதைந்து மறுபக்கத்தைப் பிளந்தது. விதைகள் மண்ணில் சிதறின.

அடுத்த பப்பாளிக்குத் தன் பையைத் திறந்தார். ஆறடி நீள அலுமினியக் குழல், இரண்டு துண்டாக, பதினோரு மில்லிமீட்டர். பத்து மீட்டரில் நின்று ஒரே மூச்சு ஊதினார். ஊசி பப்பாளியில் தைத்து, பூவைச் செருகியதுபோல் தொங்கியது. பழம் உடையவில்லை.

"பழுத்த பப்பாளி மாதிரிதான் சார் நரியோட தொடை. உள்ள இருக்கிற எலும்பு நம்ம வெரல் மொத்தம். பதிமூணுல அடிச்சா மயக்கம் தெளிஞ்சி எழுந்திரிக்கும், ஆனா நடக்காது."

"சரிமா. இந்த அடுப்பு ஊதுற கொழலுக்குப் பத்து மீட்டர்ல வந்து நிக்கணுமே. ஒன்கூட செல்ஃபி எடுத்துக்க நரி வருமா?"

நேமிநாதன் சிதறிய பப்பாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, எதுல வலி கம்மி?"

"குழல்ல, ஐயா."

"அப்ப அதுதான்," என்றார்.

நேமிநாதன் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பத்தவர். வயது அறுபத்திரண்டு. ஆற்றோரம் இருக்கும் ஐந்து ஏக்கரைக் குத்தகைக்கு விட்டிருந்தார். பன்றி வந்து நெல்லை உழப்புகிறது என்று குத்தகைக்காரர் பைக்கின் கிளட்ச் கம்பியைச் சுருக்காக்கி வேலியில் கட்டிவிட்டார். நேமிநாதனுக்குத் தெரியாது. பன்றி சிக்கவில்லை. ஒரு பெண் நரி சிக்கி, கம்பி கட்டியிருந்த வேலி முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. சுருக்கு கழுத்தோடு போயிற்று.

எட்டு நாளுக்கு முன்னால், விடியற்காலையில், வரப்போரம் அந்த நரியை நேமிநாதன் பார்த்தார். முழங்கை நீளக் கம்பி பின்னால் இழுபட, தலையைச் சாய்த்தபடி நடந்தது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மனைவி சுகுமாரியிடம் சொன்னார்: "அந்தக் கம்பி கழலுற வரைக்கும் எனக்கு உப்பு வாணாம்." அவர்கள் வழக்கத்தில் இது புதிதல்ல. நெய்யை விடுவார்கள், வெல்லத்தை விடுவார்கள். ஆனால் எட்டு நாளும் உப்பில்லாத ரசத்தையும் உப்பில்லாத மோரையும் ஊற்றிச் சாப்பிடும் ஆளைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பது சுகுமாரிக்குப் பழகவில்லை.

அன்றைக்கு அவர் எடுத்த கைபேசிப் படத்தைக் கால்நடை மருத்துவர் சிம்ரன் பெரிதாக்கிப் பார்த்துச் சொன்னது: "கழுத்து வீங்கியிருக்கு. புழு வெச்சிருக்கும். ஒரு வாரம், இழுத்துப் புடிச்சா பத்து நாள்."

வனத்துறை வைத்த கூண்டுக்குள் நான்கு நாளாக நரி நுழையவில்லை. உள்ளே வைத்த கோழிக்கழிவை நாய்தான் தின்றது. அதன் பிறகுதான் லோகேஸ்வரன் மேலிடத்தில் எழுத்தில் அனுமதி வாங்கி, துப்பாக்கியையும் வரவழைத்து, ஏஞ்சலுக்கும் போன் போட்டார். இந்தப் பக்கத்தில் ஊசி எய்யத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ஏஞ்சலுக்கு முப்பத்தி நான்கு வயது. ஐயம்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். ஏஞ்சல் என்று பெயர் வைத்தவர் அம்மா அன்னம்மாள். சர்ச்சுக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். மூச்சைக் கொடுத்தவர் அப்பா வீரபத்திரன். வாரநாட்களில் சாயப்பட்டறையில் பட்டு வேகவைப்பார். திருவிழா நாட்களில் பலூன் விற்பார். வைகாசி கருடசேவைக்குக் காஞ்சிபுரம் முழுக்கத் தெருவில் நிற்கும். பம்பு ஒன்றுதான் இருக்கும். மிச்சப் பலூனெல்லாம் வாயால் ஊதியாக வேண்டும். ஏழு வயதிலிருந்து ஏஞ்சல் ஊதினார். பத்து வயதில் அப்பாவை முந்திவிட்டார். "இன்னிக்கு ஒன் பொண்ணு ஊதுனா கோபுரமே பறந்துடும்பா" என்று பக்கத்துக் கடைக்காரர் கிண்டலடித்தது இன்னும் வீட்டில் ஓடுகிறது.

கல்லூரியில் என்.சி.சி. பாயின்ட் டூ டூ ரைபிளில் மாநிலப் போட்டி வரை போனார். அட்டையில் வட்டத்துக்குள் ஐந்து குண்டையும் போடுவார். வேலை என்று வந்தபோது கிடைத்தது தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும் அறக்கட்டளையில் உதவியாளர் பணி. வலை போட்டுப் பிடிப்பதுதான் வேலை. வலைக்கு அகப்படாத நாய்க்குக் குழல். பத்து ஆண்டில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டார்.

அட்டையைச் சுட்டவருக்கு நாயை ஊதும்போதுதான் கருவியைப் பற்றிய யோசனை வந்தது. அட்டைக்கு எந்தக் குண்டும் ஒன்றுதான், ஓட்டைதான் விழும். நாய்க்குட்டிக்கு ஒன்று, வளர்ந்த நாய்க்கு ஒன்று, கன்றுக்கு ஒன்று. எடை, தூரம், சதையின் கனம் மூன்றையும் பார்க்காமல் அவர் பையைத் திறப்பதில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்வார்: "குறி தப்பாதது ஒன் கெட்டிக்காரத்தனம். பட்ட எடம் ஒடையாதது, நீ எடுத்துக்கினு போன சாமானோட கெட்டிக்காரத்தனம். ரெண்டும் வோணும்."

ஊசிகளையும் அவரே செய்கிறார். இரண்டு பிளாஸ்டிக் சிரிஞ்சுகளை முதுகோடு முதுகாக ஒட்டுவது. முன்னறையில் மருந்து, பின்னறையில் அடைத்த காற்று. ஊசியின் பக்கவாட்டு ஓட்டையை ஒரு ரப்பர் வளையம் மூடியிருக்கும். தோலில் தைத்ததும் வளையம் பின்னால் நகரும், காற்று மருந்தைத் தள்ளும். கடைசியில் ஒரு வால். அம்புக்கு இறகு எதற்கோ அதற்குத்தான் அதுவும்: ஊசி புரளாமல் நேராகப் போக. பயிற்சியில் கம்பளி நூல் வைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். காஞ்சிபுரத்தில் கம்பளிக்கு எங்கே போவது? தறி வீடுகளில் பட்டுக் கழிவுநூல் சும்மா கிடைக்கிறது. சிவப்பும் மாம்பழ மஞ்சளுமாக ஏஞ்சலின் ஊசிகள் கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருக்கும்.

நரியைப் பத்து மீட்டருக்குள் வரவழைப்பதுதான் மிச்சம். கூண்டில் செய்ததுபோல் கோழிக்கழிவு வைக்கலாம் என்றார் லோகேஸ்வரன்.

"என் நெலத்துல மாமிசம் வாணாம்," என்றார் நேமிநாதன்.

"ஐயா, நரிக்குச் சாம்பார் சாதமா போட முடியும்?"

"இலந்தைப்பழம் தின்னும். கெழக்கு வரப்புல மரம் இருக்குது. தை மாசம் கொட்டும். நரி எச்சத்துல கொட்டைய நானே பாத்திருக்கேன்."

லோகேஸ்வரன் ஏஞ்சலைப் பார்த்தார். ஏஞ்சல் ஏற்கெனவே கிழக்கு வரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தடியில் கொட்டையும் கால்தடமும் இருந்தன. கால்தடத்துக்குப் பக்கத்தில் கம்பி இழுத்த கோடும் இருந்தது. கனிந்த பழங்களைப் பொறுக்கி, வெல்லப்பாகில் புரட்டி, மரத்தடியில் குவித்தார். ஒன்பது மீட்டர் அளந்து வைக்கோலால் ஒரு மறைவு கட்டினார். சாயங்காலம் வேண்டாம், விடியற்காலைதான் என்று சொல்லிவிட்டார். மயங்கிய விலங்கு இருட்டில் புதருக்குள் போய்விட்டால் தேடமுடியாது. காலையில் என்றால் பகல் முழுக்கக் கையில் இருக்கும்.

புதன்கிழமை ஆறேகாலுக்கு நரி வந்தது.

பனி விழுந்துகொண்டிருந்தது. கருவேலம்புதரிலிருந்து தலையைச் சாய்த்தபடி வெளியே வந்து, நின்று, மோந்து, பழத்தைத் தின்ன ஆரம்பித்தது. கழுத்தில் கம்பி இருந்த இடம் தெரியவில்லை. வீக்கம் அதை மூடியிருந்தது. பின்தொடை ஏஞ்சல் பக்கம் திரும்பியது. ஊதினார்.

ஊசி நேராகப் போகவில்லை. பாதி வழியில் புரண்டு, படுத்தவாக்கில் நரியின் முதுகைத் தட்டிவிட்டுச் சேற்றில் விழுந்தது. நரி துள்ளிப் புதருக்குள் மறைந்தது.

லோகேஸ்வரன் மறைவுக்குப் பின்னாலிருந்து எழுந்தார். "நான் அப்பவே சொன்னேன். நாளைக்கி ஒரு காலை, அவ்ளோதான். வெள்ளிக்கெழம துப்பாக்கியும் போயிடும்."

ஏஞ்சல் போய் ஊசியை எடுத்தார். சிவப்புப் பட்டு வால், நனைந்த பூனையின் வாலைப் போல் ஊசியோடு ஒட்டிக்கிடந்தது. விரலால் நீவினார். விரியவில்லை. மறைவில் ஒரு மணிநேரம் பனியில் கிடந்த குழல், அதற்குள் ஊசி. பத்து வருடமும் அவர் நாய்களை ஊதியது வெயில் ஏறிய தெருக்களில். பனியில் ஒருமுறைகூட ஊதியதில்லை. எதுவாக இருந்தாலும் பட்டுதான் ஒசத்தி என்று நினைக்கும் ஊர். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

"குறி தப்பலை சார். வால் தப்பு."

"நரியாண்ட சொல்லு," என்றார் லோகேஸ்வரன்.

நேமிநாதன் குனிந்து சேற்றிலிருந்த கம்பிக் கோட்டைப் பார்த்தபடி நடந்துபோனார். திட்டியிருந்தால் ஏஞ்சலுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஐயம்பேட்டை வீட்டுக்குப் போனதும் ஏஞ்சல் செய்த முதல் காரியம், கைவசமிருந்த நூலையெல்லாம் தண்ணீரில் முக்கியது. சாயம் போட்ட பட்டு படிந்துபோனது. பருத்தி கனத்துத் தொங்கியது. சட்டென்று நினைவு வந்து, அப்பா பட்டறையிலிருந்து கொண்டுவந்து மூட்டை கட்டப் போட்டிருந்த கோராப் பட்டில் ஒரு பிடி எடுத்து முக்கினார். கோரா என்பது வேகவைக்காத பட்டு. புழு விட்ட பசை அதில் அப்படியே இருக்கும். சவுக்காரம் போட்டுக் கொதிக்கவிட்டால்தான் அந்தப் பசை இளகும். பச்சைத் தண்ணீரில் நனைந்தும் இழைகள் துடைப்பம்போல் விறைத்து நின்றன.

வீரபத்திரன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஏஞ்சலு, பட்டெல்லாம் ஊறுகா போடுறியா?"

"ஒன் பட்டாலதாம்பா மானம் போச்சி."

"நான் வேகவெச்ச பட்டு கல்யாணப் பொண்ணுக்குமா. நரிக்குன்னு சொல்லியிருந்தா வேகவெக்காமலே குடுத்திருப்பேன்."

சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் ஏஞ்சல் வேலையைத் தொடர்ந்தார். மத்தியானத்துக்குள் கோரா வாலில் எட்டு ஊசி தயார். கோணிச் சாக்கைக் கொல்லைச் சுவரில் தொங்கவிட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டார். அம்மா துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் புட்டியால் வாலை ஈரமாக்கி, ஒன்பது மீட்டர், பத்து, பன்னிரண்டு என்று ஊதினார். ஒன்பதிலும் பத்திலும் எல்லாம் வட்டத்துக்குள். பன்னிரண்டில் ஒன்று வெளியே போயிற்று. பதினொன்றுக்கு மேல் ஊதுவதில்லை என்று முடிவு செய்தார். சாயங்காலம் நேமிநாதனுக்குப் போன் செய்து அதையே சொன்னார். "பதினொண்ணுக்குள்ள வந்தா புடிச்சிடுவேன் ஐயா. வரலைன்னா ஊதமாட்டேன்." அதற்கு அவர், "பழம் பொறுக்கி வெச்சிருக்கேம்மா," என்றார்.

வியாழக்கிழமை விடியலில் மறைவுக்குள் ஏஞ்சலும் லோகேஸ்வரனும். சிம்ரன் மருந்துப் பெட்டியோடு ஜீப்பில். நேமிநாதன் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். லோகேஸ்வரனின் மடியில் துப்பாக்கி. அதில் நிஜ மருந்து.

"நீ விட்டேன்னா நான் சுடுவேன் ஏஞ்சல். கால் போனாலும் பரவால்ல, உசுரு இருக்கும்."

ஏஞ்சல் தலையாட்டினார். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆறரை ஆகியும் எதுவும் வரவில்லை. ஆறே முக்காலுக்குப் புதர் அசைந்தது. நரி வெளியே வந்தது. ஆனால் முந்தின நாளை அது மறக்கவில்லை. மரத்தடிக்கு வராமல், உருண்டுபோய்க் கிடந்த பழங்களைத் தள்ளி நின்றே பொறுக்கித் தின்றது. பதினான்கு மீட்டர். லோகேஸ்வரன் துப்பாக்கியை மெல்லத் தூக்கினார். ஏஞ்சல் இடது கையை அவர் முழங்கையில் வைத்தார். தள்ளவில்லை, வைத்தார், அவ்வளவுதான். லோகேஸ்வரன் விரலை விசையின்மேல் வைக்காமல் காத்திருந்தார்.

பதின்மூன்று. ஒரு பழம் தின்றது. கொட்டையைத் துப்பியது. பன்னிரண்டு. வெல்ல வாசனை இழுத்தது. தலையைத் தூக்கி மறைவையே பார்த்தது. ஏஞ்சல் மூச்சை உள்ளே இழுத்து வைத்திருந்தார். கருடசேவைக் கூட்டத்தில் கடைசிப் பலூனுக்கு வைத்திருக்கும் அதே மூச்சு. நரி இன்னும் இரண்டு எட்டு வைத்து, குவியல் பக்கம் திரும்பியது. பத்தரை. பின்தொடை தெரிந்தது.

சத்தம் என்று ஒன்றும் இல்லை. கோராவின் வெளிர்மஞ்சள் வால் ஒன்று நரியின் தொடையில் முளைத்தது. நரி திரும்பி ஊசியைக் கடித்தது, நான்கடி ஓடியது, நின்றது, பிறகு நிதானமாகவே புதருக்குள் நுழைந்தது.

"ஓடாதீங்க," என்றார் ஏஞ்சல். "பன்னண்டு நிமிசம் யாரும் அசையக்கூடாது."

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு பனி ஈரத்தில் பதிந்திருந்த கம்பிக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனார்கள். முப்பது அடிக்குள், ஒரு கருவேலம்புதரின் அடியில், நரி நாக்கைத் தொங்கவிட்டுக் கிடந்தது. கண்ணைத் துணியால் மூடினார்கள். ஏஞ்சல் பின்தொடையைத் தடவிப் பார்த்தார். ஊசி போன இடத்தில் ஒரு சொட்டு ரத்தம். எலும்பு முழுசாக இருந்தது.

சிம்ரன் வீக்கத்தைப் பிரித்துக் கம்பியைத் தேடி வெட்டினார். கிளட்ச் கம்பி கழன்று வந்தது. காயம் முழுக்கப் புழு.

"அந்தப் புழுவை இன்னா பண்ணுவீங்க?" நேமிநாதன் கேட்டார்.

சிம்ரன் நிமிர்ந்தார். "மருந்து போட்டு எடுக்கணும் சார். செத்துடும்."

"அதுவும் உசுருதான்."

"நரி பொழைக்கணும்னா இதுங்க போவணும் சார். வேற வழி இல்ல."

நேமிநாதன் ஆற்றுப்பக்கம் பார்த்தார். "எடுத்துடும்மா," என்றார் பிறகு. "அந்தப் பாவம் எம்மேல. நாளைக்கி ஒரு நாள் சாப்பாட்டை விட்டுடறேன்." அங்கிருந்து நகரவில்லை. கடைசிப் புழு வரை நின்று பார்த்தார்.

சுகுமாரி அன்று மத்தியானமே இலையில் உப்பை வைத்துவிட்டார். கம்பிதான் கழன்றுவிட்டதே. நேமிநாதன் உப்பை ஓரமாக ஒதுக்கினார். "அது நம்ம வரப்புல நடக்கட்டும்."

நரி ஒன்பது நாள் வன அலுவலகத்துக் கொட்டகையில் இருந்தது. ஏஞ்சல் தினமும் வேலை முடிந்து போய் நடையைப் பார்த்தார். கழுத்தைப் பார்ப்பது சிம்ரனின் வேலை. நான்கு காலும் ஒரே மாதிரி ஊன்றுகிறது என்று மூன்றாம் நாளே ஏஞ்சலுக்குத் தெரிந்துவிட்டது. துப்பாக்கி திரும்பிப் போயிருந்தது. லோகேஸ்வரன் ஒருநாள் கொட்டகை வாசலில் நின்று, வேறு யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார்: "அந்த மொரட்டுப் பட்டு வால்ல ஒரு பத்து ஊசி செஞ்சி குடும்மா. ஆபீஸ்ல இருக்கட்டும்."

"ஊதறதுக்கு ஆள் இருக்காங்களா சார்?"

"பலூன் வாங்கிக் குடுத்திருக்கேன். பசங்க ஊதிக்கினு இருக்கிறானுங்க."

பத்தாம் நாள் காலை, அதே கிழக்கு வரப்பில் கூண்டைத் திறந்தார்கள். வேலியில் இப்போது சுருக்கு இல்லை. குத்தகைக்காரர் நேமிநாதனின் முன்னால் எல்லாவற்றையும் அறுத்துச் சுருட்டிக் கொடுத்திருந்தார். நரி கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தது. வெளியே வந்து, தலையை நேராக வைத்துக்கொண்டு, வரப்பின் நீளத்துக்கும் ஓடியது. இலந்தை மரத்தடியில் மட்டும் ஒருமுறை நின்று மோந்தது. பிறகு ஆற்றுப்பக்கம் இறங்கிவிட்டது.

சுகுமாரி ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். மிஞ்சிய இலந்தைப்பழத்தில் மிளகாயும் புளியும் உப்பும் சேர்த்து இடித்துக் காயவைத்த இலந்தை வடை. எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாகக் கணவருக்கு நீட்டினார்.

நேமிநாதன் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டார். உடனே முகத்தைச் சுளித்தார்.

"உப்பு ஜாஸ்தி."

"அளவாதான் போட்டேன்," என்றார் சுகுமாரி. "ஒங்க நாக்குதான் மறந்துடுச்சி."

ஏஞ்சல் இரண்டாவது வடைக்குக் கையை நீட்டினார். செவிலிமேட்டில் வலைக்கு அகப்படாத நாய் ஒன்று இருப்பதாக எட்டு மணிக்கே போன் வந்திருந்தது. வளர்ந்த நாயா, குட்டியா என்று கேட்டுவிட்டுத்தான் அவர் பையை எடுத்தார்.